‘மனேச்சர் மாப்பிள்ளை’யின் கடைசி மேடை

பவுடரும் பிளீச்சும் கலந்த ஒரு வாசம்... தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஒத்திகை மண்டபத்தில் எப்போதும் அந்த வாசம்தான்.

வீட்டுவேலை செய்கிற எங்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் லீவு. வேலை முடிந்த கையோடு, பல்லரோ சந்தைக்குள்ளால் நடந்து, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன மண்டபத்துக்கு ஓடி வருவோம். கையில் பிளீச் வாசம் போயிருக்காது. அதற்குள் முகத்துக்குப் பவுடர் பூசிவிடுவோம்.

இப்போதைய பிள்ளைகளுக்கு ‘மனேச்சர் மாப்பிள்ளை’ என்ற பெயரே தெரியாது. அது ஒரு பாட்டு நாடகம். முழுக்கச் சிரிப்பு. எழுதியது, மெட்டுப் போட்டது, மாப்பிள்ளையாக நடித்தது எல்லாம் அருள் அண்ணா. மன்னார் ஆள். ஊரில் கூத்து ஆடியவர். இங்கே படுக்கையில் கிடந்த ஒரு வயோதிபரைப் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். பலெர்மோவில் வீடு துடைக்கிற ஒருவன், தான் பாங்க் மனேச்சர் என்று ஊருக்குக் கடிதம் போடுகிறான். அதை நம்பி, அவனுக்குப் பேசின பெண்ணின் தகப்பன் ஒருநாள் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் வந்து இறங்கிவிடுகிறார். மாப்பிள்ளை என்ன செய்வான்? வீட்டுக்காரி சிஞ்ஞோராவைத் தன்னுடைய டைப்பிஸ்ட் என்று சொல்லிச் சமாளிக்கிறான்.

அந்த சிஞ்ஞோரா நான்தான்...

வியா மக்வேதா கடைத்தெருவில் வாங்கிய பொன்னிற விக். என் உண்மையான சிஞ்ஞோரா கழித்துவிட்ட கோட். அதற்குள் யாழ்ப்பாணத்துக் குரல்!

நாடகத்தின் உயிர் ஒரு பாட்டு. மாப்பிள்ளை ஒரு கையால் தரை துடைத்துக்கொண்டே மற்றக் கையில் டெலிபோனைப் பிடித்துப் பாடுவான்.

“ஓம் ஐயா, ஒபீசிலதான் நிக்கிறன்...
பேனை பிடிச்ச கை நோகுது, பொறுங்கோ!”

டிசம்பரில் ஒரு நத்தார் விழாவில், இரண்டு நடனங்களுக்கு நடுவே இருபது நிமிடம் கிடைத்தது. அப்படித்தான் முதல் மேடை. பிறகு கத்தானியாவில் கூப்பிட்டார்கள், மெஸ்ஸினாவில் கூப்பிட்டார்கள், கப்பலேறி ரெஜ்ஜியோ வரைக்கும் போனோம். எந்தக் கலைவிழா என்றாலும் நாங்கள் வேண்டும். சனம் பாட்டைப் பாடமாக்கி வைத்திருந்தது. குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் கால் கடுக்க நிற்கிற வரிசையில்கூட, “என்ன மனேச்சர், இண்டைக்காவது தருவாங்களோ?” என்று ஆளை ஆள் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சனத்தில் பாதிப்பேர் தாங்கள் செய்கிற வேலையை ஊருக்குச் சொல்லாதவர்கள். நானும்தான். ‘கடையிலை நிக்கிறன்’ என்றுதான் வீட்டுக்கு எழுதினேன்.

யாரோ வீடியோ எடுத்தார்கள். கசெற் கொப்பிக்கு மேல் கொப்பியாகி எங்கெங்கோ போனது...

ஒரு வியாழக்கிழமை அருள் அண்ணா பெரிய சந்தோஷத்தோடு வந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம், அருள் அண்ணாவின் தகப்பன், ஊரிலிருந்த ஐயா, குரல் பதிந்து ஒரு கசெற் கொடுத்து விட்டிருந்தார்.

“ஐயா நாடகம் பாத்திட்டாராம். எல்லாரும் இருங்கோ, கேப்பம்!”

கீபோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ரேப் ரெக்கோடரில் போட்டார். நாங்கள் சுற்றி இருந்தோம். ஓய்வுபெற்ற வாத்தியாரான ஐயாவின் குரல், நிறுத்தி நிதானமாக.

“தம்பி, ஜெனரேற்றர் பிடிச்சு, டெக்கிலை போட்டுக் காட்டினவை. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சனான். நல்லா நடிச்சிருக்கிறாய்...”

அருள் அண்ணா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“ஆனா தம்பி, அந்தத் துணியைப் பிழிஞ்சுபோட்டு வாளி விளிம்பிலை ரெண்டு தரம் தட்டினாய் பார்... அது நடிப்பில்லை. அது ஒவ்வொரு நாளும் செய்யிற கை. எனக்குக் கோவமில்லை. ஆறு வருசமா ஆருக்கும் சொல்லாமல் எப்பிடியடா தனிய வைச்சிருந்தனி?”

அருள் அண்ணா எழுந்துபோய் ரேப்பை நிறுத்தினார். அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும், அவர் ஐயாவுக்கு ‘கொம்பனி ஒபீசில் வேலை’ என்று எழுதியிருந்த விஷயம்.

அடுத்த ஞாயிறு கத்தானியாவில் மேடை. வேண்டாம் என்று சொன்னோம். “ஒப்புக்கொண்டாச்சு, தங்கச்சி” என்றார்.

பாட்டு வந்தது. துணியைப் பிழிந்தார். டெலிபோனை எடுத்தார். “ஓம் ஐயா...” என்றார். அதற்குமேல் குரல் வரவில்லை.

சனம் அதையும் நடிப்பென்று நினைத்தது. அவர் மறந்ததுபோல் நடிக்கிறார் என்று முழு மண்டபமும் கை தட்டிப் பாடத் தொடங்கியது... “ஒபீசிலதான் நிக்கிறன்! ஒபீசிலதான் நிக்கிறன்!” அவர் டெலிபோனைக் காதில் வைத்தபடியே நின்றார். விக் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அது நடிப்பில்லை என்று தெரிந்தது. நான் நாடகத்தில் இல்லாத வசனம் ஏதோ சொல்லி அவரைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

அதுதான் கடைசி மேடை.

அந்த வாரமே ஐயாவுக்குப் பதில் பதிந்தார். இரண்டு பக்கமும் நிறைய. எத்தனை மணிக்கு எழும்புவது, அந்த வயோதிபரை எப்படிக் குளிப்பாட்டுவது, எந்தப் படிக்கட்டு வழுக்கும்... எல்லாம் சொன்னாராம். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம். கசெற் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐயா காலமாகி முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்திருந்தது. ஊருக்குப் போய்வர அருள் அண்ணாவுக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது அதற்கும் பிறகு.

இப்போது எங்கள் விழாக்களில் பெரிய திரை, கண்ணைப் பறிக்கிற லைட். போன மாதம் பிள்ளைகள் வந்து, “ஆன்ட்டி, அந்த நாடகத்தைத் திருப்பிப் போடுவமா? ஆனா வீடியோ கோல் இருக்கேக்க ஆர் நம்புவினம்?” என்று கேட்டுச் சிரித்தார்கள். உண்மைதான். இப்போது நான் சிஞ்ஞோரா வீட்டுக் குசினியில் நின்றபடியே ஊரிலிருக்கிற தம்பியோடு கதைக்கிறேன். அவனுக்கு என் பின்னால் இருக்கிற கோப்பைகள்கூடத் தெரியும்.

அருள் அண்ணா இப்போது லண்டனில். நாடகத்தைத் திருப்பிப் போடலாமோ என்று கோல் எடுத்துக் கேட்டேன்.

“பிள்ளையள் தங்கடையை எழுதட்டும், ரஞ்சி,” என்றார். பிறகு, “உனக்கு இப்பவும் எல்லா வசனமும் ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணா, மறந்திட்டன்” என்றேன்.

ஒன்றுகூட மறக்கவில்லை...