எஸ்டேட் ஜீப்பில் ஹவாய் கிட்டார்

இன்று காலை எஸ்டேட் ஜீப்பில் ஏறியதும் என் போன் தானாகப் போய் ஜீப் ஸ்பீக்கரின் ப்ளூடூத்தில் ஒட்டிக்கொண்டது. ஹெட்செட்டில் நான் மட்டும் ரகசியமாகக் கேட்கும் ஹவாய் கிட்டார், கம்ப்யூட்டரில் செய்து சேர்த்த ரீங்காரத்தோடு, ஏலக்காய் எடுக்கப் போகிற அத்தனை பேருக்கும் கேட்டது.

ஒரே ஒரு சுரம். அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது.

டிரைவர் முருகேசண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதாண்ணே பாட்டு."

ஜீப்பே சிரித்தது. நான் அணைக்கப் போனேன்.

"ஏலே, அமத்தாத!" என்றார் எதிர் சீட்டில் இருந்த செல்லத்தாயக்கா.

கம்பம்மெட்டு ஏற்றத்தில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுகிறவர் அவர். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டேதான் தினமும் மலையேறுவார். இன்று கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பழம் மடியில் சும்மா கிடந்தது.

மேலே போய் இறங்கியதும் அந்தப் பழத்தை என் கையில் வைத்தார்.

"இனி எனக்கு எதுக்கு இது? வாசிச்சவுக நல்லா இருக்கணும். சாயங்காலமும் இதையே போடு."

பழம் இப்போது எஸ்டேட் ஆபீஸில் என் மேசையில் இருக்கிறது. இறக்கத்துக்கும் இந்தக் கிட்டார் வேலை செய்யுமா என்று தெரியவில்லை. இதைவிட மெதுவாக இழுக்கிற பாட்டு ஏதாவது இருந்தால், ஐந்து மணிக்கு ஜீப் கிளம்புவதற்குள் சொல்லுங்கள்.

சாயங்காலமும் அவருக்கு எதிர் சீட்டு எனக்குத்தான்.