கோர்வையை விட்ட நெசவாளி

சின்ன காஞ்சிபுரத்தில் நான் தங்கிய அறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நெசவாளி இருந்தார். ஒட்டிய கன்னம், கழுத்துக் கயிற்றில் சிலுவை. கோர்வைச் சேலையில் கரை சேர்க்க, தறியில் இன்னொருவர் ஒட்டி உட்கார வேண்டும். கூலி அதில்தான் அதிகம். அவரோ தனியாகச் சாதாச் சேலை நெய்து அரை வயிறு சாப்பிட்டார்.

“கோர்வையை ஏண்ணா விட்டீங்க?”

“பக்கத்துல உக்காந்து கரை போட்டது சிநேகிதன் பொண்டாட்டிபா. ரெண்டு பேருக்குமே மனசு தடுமாறிடுச்சு.”

“உங்க சாமி அந்த ஆசைய எடுத்துட மாட்டாரா?” என்று சீண்டினேன்.

“அழுதுக்கினே கேட்டேன். ஆசைய எடுக்கல. எழுந்து வர்ற பெலனக் குடுத்தாரு. வந்துட்டேன்.”

சாதாச் சேலையிலும் ஓரம் வந்ததும், ஊடை நூல் ஓட்டும் நாடாவை வாங்க அவர் கை இன்னும் பக்கவாட்டில் நீளும். அங்கே யாருமில்லை. “இயேசுவே” என்று முனகி இழுத்துக்கொள்வார். வெறுமையாகவே திரும்பிய அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எப்படி வந்ததென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.