பிரியாமல் போன ஒன்று

ஓமானின் சோஹாரில் என் அறைத்தோழராக இருந்த வெல்டர் அண்ணனை நினைத்தால், அவர் மணிக்கட்டில் ஆறிக்கொண்டிருந்த தீக்காயம்தான் முதலில் கண்முன் வருகிறது. பொறி பட்டுக் கருகிய இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில் இப்போது ஒரு பிஹார்க்காரர் படுக்கிறார். எங்களுக்குள் 'அச்சா', 'கலாஸ்' என்ற ஓரிரு சொற்களைத் தாண்டிப் பேச்சில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, நீ விலங்கியல் படிச்சவன்தானே? எங்கம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்" என்றார். ஊரில் பிறந்திருந்த அவர் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். மருமகள் வீட்டு ரத்தமே சரியில்லை என்று அம்மா அவளைக் குத்திக்கொண்டே இருந்தார். மனைவி சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. இங்கிருந்து இவரால் போனைத்தான் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது.

அம்மாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் அந்தக் காயத்திலிருந்தே தொடங்கினேன்.

"நம்ம உடம்புல செல் ரெண்டு விதமாப் பிரியும்மா. புண் ஆறணும், தோல் வளரணும்னா ஒரு செல் தன்ன மாதிரியே ரெண்டாகும். ரெண்டுலயும் அதே நாப்பத்தாறு குரோமோசோம். அது மைட்டாசிஸ். பிள்ளை உண்டாகுற செல்லு வேற மாதிரி. ரெண்டு தடவ பிரிஞ்சு, பாதியாக் குறையும். அது மியாசிஸ். தாய்கிட்டேர்ந்து இருபத்து மூணு, தகப்பன்கிட்டேர்ந்து இருபத்து மூணு, சேந்தாத்தான் முழுசு. அப்படிப் பிரியும்போது எப்பவாச்சும் ஒரு ஜோடி பிரியாமக் கூடவே போயிடும், பிள்ளைக்கு ஒண்ணு கூடுதலாயிடும். பேத்திக்கு நடந்தது அதான். யாரும் செஞ்ச தப்பில்ல."

அம்மா கேட்டார்: "அது அவகிட்டேர்ந்து வந்துச்சா, இவன்கிட்டேர்ந்தா?"

"யார்கிட்ட வேணும்னாலும் நடக்கலாம்மா" என்று நான் முடிப்பதற்குள் அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். "எங்கிட்டேர்ந்துதாம்மா வந்துச்சு. இனிமே திட்டணும்னா என்னத் திட்டு."

அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் திருத்தவில்லை.

அதன்பின் அம்மா குத்துவதை நிறுத்தினாராம். தினமும் ட்யூட்டி முடிந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மகளை வீடியோவில் அழைப்பார் அண்ணன். அவர் முகம் தெரிந்ததும் அவள் சிரிப்பாள். அவருக்கு லீவு கிடைத்தபோது அவள் தவழத் தொடங்கியிருந்தாள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"தம்பி, தூக்குனா அழுவுறாடா. யாரோன்னு பாக்குறா. கொல்லப்பக்கம் வந்து அவ அம்மா போனுக்கு வீடியோ கால் போட்டேன். ஒடனே சிரிக்கிறா. இங்கனயேதான் நின்னு பேசிக்கிட்டிருக்கேன்."

அவர் இல்லாத அறையில் அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். அவர் பேச்சுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது.