கோயில் மைக்கும் தொப்பை டீயும்

புவனேஸ்வரன் மலேசியத் தோட்டம் ஒன்றில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். யாராவது வேலை என்னவென்று கேட்டால் மட்டும், "கோயில் மைக் நான்தான் பாக்கறேன்" என்பார். லோரி கம்பெனி கொடுத்தது, மைக் அறைச் சாவி அம்மன் கொடுத்தது என்று அவருக்கு நினைப்பு.

காலை ஐந்தரைக்கு மடிக்கணினியில் அம்மன் பாட்டு வீடியோவை ஓடவிடுவார். தோட்டம் முழுக்கக் கேட்கும். சரியாகப் பதினெட்டாவது நிமிடம் பாட்டு அறுந்து, "தொப்பையா? கவலையா?" என்று ஒரு பெண் அலறுவாள். கொழுப்பைக் கரைக்கும் டீக்கு விளம்பரம்.

கோயில் தலைவர் திருநாவுக்கரசு தோசைக்கடைக்காரர். தொப்பையும் அதற்கேற்ற அளவு. அவள் தன்னைத்தான் கேட்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"இன்னொரு தடவ அந்தப் பொம்பள கத்துனா சாவிய குடுத்துருங்க லா."

புவனேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தவமணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் சிரம்பான் பக்கம் கையுறை ஃபேக்டரியில் வேலை செய்கிறாள்.

"எங்க ஃபேக்டரி ஆபீஸ்ல ஷாமினி விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கா. பிரவுசர்லயே ஒட்டிக்கும். மடிக்கணினிய இப்படி குடுங்க."

இரண்டு முறை தட்டினாள். அவ்வளவுதான்.

மறுநாள் பாட்டு தங்குதடையில்லாமல் ஓடியது. ஃபேக்டரி பஸ்ஸும் ஓடியது, ஆளே இல்லாமல். டீக்காரி அலறினால்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவது தோட்டத்துப் பெண்களின் வழக்கம். அன்று பதினொரு பேர் காலி ரோட்டைப் பார்த்து நின்றார்கள். தவமணியும் அதில் ஒருத்தி.

"ஏங்க அவள நிறுத்துனீங்க?"

"நிறுத்துனது நீதான்டி!"

தலைவர் வந்தார். "நாளைக்கும் பஸ்ஸ விட்டாங்கன்னா சாவி என்கிட்ட."

கத்தினாலும் போகும், கத்தாவிட்டாலும் போகும் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, அடுத்த நாள் புவனேஸ்வரன் மைக் முன்னால் உட்கார்ந்தார். பதினெட்டாவது நிமிடம். பாட்டைக் குறைத்தார். தொண்டையைச் செருமினார். முடிந்தவரை பெண் குரலில்,

"தொப்பையா? கவலையா? பஸ் வருது, ஓடுங்க!" என்று அலறினார். பிறகு சொந்தக் குரலில், கொஞ்சம் தணிந்து, "தவமணி, சோத்து டப்பா மேச மேலயே இருக்கு" என்றார்.

தோட்டமே சிரித்துக்கொண்டு ஓடியது. டப்பாவுக்காகத் திரும்பி ஓடியவள் முகத்தில் மட்டும் சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் இருந்தது. பதினொரு பேரும் ஏறினார்கள்.

மூச்சிரைக்க வந்த தலைவரிடம் புவனேஸ்வரன் தானே சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"சாவி கெடக்கட்டும் லா. அப்படியே நம்ம கடைல தோசை சூடா இருக்குன்னு ஒரு வார்த்த..."

"மன்னிக்கணும் தலைவரே. விளம்பரம் வேணாம்னு நீங்க சொன்னீங்கன்னுதானே தடுப்பானே போட்டோம்."