இரத்மலானை வேலியில் பிலோமினா மிஸ்

செல்வி பிலோமினா மரியதாஸ் கடந்த செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் தம் தங்கை வீட்டில் காலமானார். செய்தியை எனக்கு உறுதிப்படுத்தியவர் அந்தத் தங்கை, திருமதி திரேசா. வாழ்நாளில் பாதியைத் தொலைபேசி நிலையத்தில் கழித்தவரின் மரணச் செய்தி எனக்குத் தொலைபேசியில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, வாசலில் நின்று சொன்னார். உடனே புறப்பட்டுப் போனேன். நெஞ்சுச் சளிக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதாகத் திரேசா கூறினார். வயது அறுபத்திரண்டு என்றும் அவரே சொன்னார். மிஸ் என்னிடம் எப்போதும் ஐம்பத்தெட்டு என்றுதான் சொல்லி வந்தார். இரண்டு தகவல்களையும் இங்கே பதிவு செய்கிறேன். எதை நம்புவது என்பதை அவரை அறிந்தவர்கள் தீர்மானித்துக் கொள்ளலாம்.

கொழும்புப் பத்திரிகைக்காரர்களான நாங்கள் பலரும் அவரை முகம் தெரியாமலேயே அறிந்திருந்தோம். கோட்டைத் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளை இணைத்துத் தருபவர் அவர். எண்ணைக் கேட்கும் அந்தக் குரல் அவசரப்பட்டு நான் கேட்டதில்லை. எதிர்முனையில் இருமலோ பெருமூச்சோ வந்தால் போதும், ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒருநாள், உலக யுத்தம் தொடங்குவதற்கு முன், கல்கிசையில் ஒரு கடைத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்குச் செய்தி சொல்ல முயன்றேன். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு ஆகாய விமானம் போயிற்று. இணைப்பைத் தருவதற்குப் பதிலாகக் குரல் என்னைக் கேட்டது:

"ரிப்போட்டர், உங்கட தலைக்கு மேல போறது ரெண்டு என்ஜினோ?"

"தெரியாது மிஸ். நான் கடைக்குள்ள நிக்கிறன்."

"வெளியில தலைய நீட்டிப் பார்த்திட்டு வந்து சொல்லுங்கோ. லைனைப் பிடிச்சிருக்கிறன்."

கடைக்காரர் முறைக்க, நான் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒற்றை என்ஜின் என்றேன். "நினைச்சனான்," என்றார் மிஸ். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு நான் இரத்மலானைக்குப் போறனான். வேலியில நிண்டு பார்க்கிறது. ஆசையெண்டா வாங்கோ." இத்தனைக்கும் பிறகுதான் என் அலுவலக இணைப்பு கிடைத்தது.

அந்த ஞாயிறு போனேன். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கையில் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் இஞ்சித் தேநீர் பிளாஸ்கும், வாழையிலையில் சுற்றிய கட்லட்டும். விமான நிலைய வேலியின் தெற்கு மூலையில் அவருக்கு முன்பே ஒருவர் நின்றிருந்தார். வெள்ளவத்தையில் புடைவைக் கடை வைத்திருக்கும் சலீம் நானா, எல்லாருக்கும் அண்ணன் முறை. கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கியது. கடையை மூடிவிட்டு ஆகாயத்தைப் பார்க்கப் போகிறவர் என்று காலி வீதிக் கடைக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். மிஸ்ஸும் நானாவும் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இருவரிடமும் கேட்டேன். "வேலிதான் அறிமுகப்படுத்தினது," என்றார் மிஸ்.

வேலிக்கு ஒரு வழக்கம் இருந்தது. தென்னைகளுக்கு மேல் விமானம் தலைகாட்டியதும் அது என்ன ரகம் என்று சொல்ல வேண்டும். முதல் வாய்ப்பு மிஸ்ஸுக்கு, பிறகு நானாவுக்கு, கடைசியில் எனக்கு. பிழையாகச் சொன்னவர் கூடையை ஸ்டேஷன் வரை சுமக்க வேண்டும். நான் சேர்ந்த பிறகு கூடை பெரும்பாலும் என் கையில்தான் இருந்தது. நானாவிடம் தூரக்கண்ணாடி இருந்ததால் அவர் ஒருநாளும் தூக்கியதில்லை.

யுத்தம் வந்தது. வேலிப் பக்கம் யாரும் அண்ட முடியவில்லை. தென்னைகளில் ஒரு பகுதியை வெட்டி ஓடுபாதையை நீட்டினார்கள். அந்த நாட்களில் ஒரு காலை நான் தொலைபேசியை எடுத்து, "மிஸ், இப்ப மேல போனது கேட்டுதோ?" என்று ஆரம்பித்தேன். "அது லைன்ல கதைக்கிற விஷயமில்லை," என்றது குரல். அத்தோடு இணைப்பு அறுந்தது. அரை நிமிடத்தில் நான் கேட்காமலே அலுவலக இணைப்பைத் தந்தார். யுத்தம் முடியும்வரை விமானம் பற்றி ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் எவ்வளவு கேட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது.

யுத்தம் முடிந்து வேலி மறுபடி திறந்தபோது மிஸ் ஓய்வு பெற்றிருந்தார். தொலைபேசி இணைப்புப் பலகையில் விழும் அடையாளங்கள் சரியாகத் தெரியவில்லை என்பது காரணம். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. "வேலை அலுத்துப்போச்சு," என்றுதான் சொன்னார். நாங்களும் நம்பினோம், ஒரு ஞாயிறு வரை.

அன்று மிஸ் குடையை உயர்த்தி, "வருது, வருது, டக்கோட்டா!" என்றார். அவர் காட்டிய இடத்தில் ஒரு பருந்து வட்டமிட்டுக் கொண்டிருந்தது. விமானம் எதுவும் இல்லை. நானா சிரித்தார், நான் சிரித்தேன், மிஸ்ஸும் சிரித்தார். பிறகு தேநீர் ஊற்றினார். கோப்பை நிரம்பி, வழிந்து, என் கையைச் சுட்ட பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "திரேசாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள இருத்திப்போடுவாள். பூசைக்குக் கையப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், கையப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை போனா எனக்கு என்ன இருக்கு?"

அடுத்த ஞாயிறு சலீம் நானா தூரக்கண்ணாடி இல்லாமல் வந்தார். வந்ததும் வராததுமாக ஒரு புதுச் சட்டம் போட்டார். "இனி கண்ணால பாத்துச் சொல்றது செல்லாது. மரத்துக்கு மேல வந்த பொறகு ஆருந்தான் சொல்லுவாங்க. அதுல என்ன கெட்டித்தனம் ஈக்கி? சத்தத்த வச்சிச் சொல்லணும். எல்லாரும் கண்ண மூடணும். ரிப்போட்டர், நீங்கதான் களவு செய்ற ஆள், நல்லா இறுக்கி மூடுங்க."

மிஸ் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். "சரி நானா. சட்டம் எண்டாச் சட்டம்தான்," என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் மூவரும் வேலியோரம் கண்ணை மூடி நின்றோம். மிஸ் பிழை விட்டது மிக அரிது. நானாவோ தொடர்ந்து தோற்றார். கூடை அவர் தோளிலேயே குடியிருந்தது. "சத்தம் வர முன்னம் கதைக்கக் கூடாது, வந்த பிறகு கதைக்கத் தேவையில்லை," என்று மிஸ் எங்களை அடக்கி வைப்பார். கோட்டையில் அவர் ரயில் ஏறுவார். வெள்ளவத்தையில் நானும் நானாவும் அதே பெட்டியில் ஏறிக்கொள்வோம். இரத்மலானையில் இறங்கும்போது நானா குடையின் ஒரு நுனியைப் பிடிப்பார், மறுநுனியை மிஸ் பிடிப்பார். பார்ப்பவர்களுக்கு இருவரும் குடைக்காகச் சண்டை போடுவது போல இருக்கும்.

பிறகு ஒரு ஞாயிறு, அறிவிப்பு எதுவும் இல்லாமல், திரேசா வேலிக்கு வந்துவிட்டார். அக்கா அங்கே என்னதான் செய்கிறார் என்று பார்க்க வந்தேன் என்றார். இனி எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்று நினைத்தேன். ஆனால் சட்டம் எங்களைக் காப்பாற்றியது. மூவரும் கண்ணை மூடி நின்றால் யாருக்குக் கண் தெரியவில்லை என்று எப்படித் தெரியும்?

"இதென்ன, மூண்டு பேரும் செபமாலை சொல்லுறியளோ?" என்றார் திரேசா.

"சத்தம் போடாத. கேள்," என்றார் மிஸ். தூரத்தில் கனமான ஒரு முழக்கம் எழுந்தது. "நாலு என்ஜின்!" என்று மிஸ் கூவினார். "நானா, நாலு!"

"நாலுதான்," என்றார் நானா. நானும் நாலு என்றேன். யுத்த காலத்தில் நாலு என்ஜின் விமானங்கள் இங்கே இறங்கியது உண்மை. அப்போது எங்களுக்கு வேலி இல்லை. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் எங்களுக்கு வாய்த்தவை எல்லாம் ஒற்றையும் இரட்டையும்தான். அதனால் மூவரும் அது வரக் காத்து, அசையாமல் நின்றோம். முழக்கம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. விமானம் வரவில்லை. கடைசியில் விமான நிலையத்துச் சிங்களக் காவலாளி நடந்து வந்து, அரைகுறைத் தமிழில் சொன்னார்: "மாத்தயா, அது பிளேன் இல்ல. ரயில் பட்டறையில டீசல் என்ஜின் ஓட்டிப் பாக்கிறாங்க."

ரயில்வே பட்டறை ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். அதனால் அந்தப் பக்கம் எங்கள் காதுகளுக்கு இல்லாத பக்கம். அன்று ஏதோ அவசர வேலை என்று திறந்திருக்கிறார்கள். திரேசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்தப் பக்கத்தால வருது எண்டு முதல்ல கேட்டிருக்க வேணும்," என்றார் மிஸ். அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டது அது. மூவரும் தோற்றதால் கூடையை மூவரும் முறை வைத்துச் சுமந்தோம்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் திரேசா வேண்டுமென்றே பின்தங்கி என்னோடு நடந்தார். முன்னால் நானாவும் மிஸ்ஸும் குடையின் இரு நுனிகளைப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, அக்காவுக்குக் கண் தெரியாதெண்டு எனக்கு எப்பவோ தெரியும்," என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் கோட்டை ஸ்டேஷன் மட்டும் நான் பின்னால வாறனான். ரயில் ஏறினதப் பார்த்துப்போட்டுத் திரும்பிறனான். அங்கால ஆர் எண்டு பார்க்கத்தான் இண்டைக்கு வந்தனான். பார்த்தாச்சு. எனக்குத் தெரியும் எண்டு அவவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா, எனக்குக் கரைச்சல் எண்டு வராமல் விட்டிடுவா."

சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை வரை திரேசா, வெள்ளவத்தையிலிருந்து வேலி வரை நாங்கள். இந்த ஏற்பாடு மிஸ்ஸிடம் யாரும் வாய் திறக்காமலே நடந்தது.

மிஸ்ஸுக்கு இவை தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சில மாதங்களுக்கு முன், கூடையைச் சுமந்து வந்த நானாவிடம் அவர் கேட்டார்: "நானா, யுத்தத்துக்கு முந்தி நீங்க ஒருநாளும் கூடை தூக்கினதில்லை. இப்ப இறக்கி வைக்கிறதே இல்லை. என்ன நடந்தது?"

"வயசு போகுது மிஸ். கண்ணு மங்குது."

மிஸ் நின்றுவிட்டார். நின்று, சிரித்தார். ரயில் வந்த பிறகும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. "ஓம், ஓம்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்குத்தான் மங்குது."

அடக்கம் முடிந்த அன்று மாலை திரேசா எனக்கும் நானாவுக்கும் கோப்பி தந்தார். காய்ச்சல் ஏறுவதற்கு முந்திய நாள் அக்கா சொன்னது என்று ஒன்றைச் சொன்னார். "இனி வரேக்குள்ள அந்தச் செருப்பை மாத்திப்போட்டு வா. கிறீச் கிறீச்செண்டு கேக்குது. கோட்டை மட்டும் ஒருத்தி பின்னால வாறாள் எண்டு ஊருக்கே தெரியும்."

நானா கோப்பியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பட்டறை நாளில் அவர் சொன்ன ஒரு வசனம். ஒரு செய்தி வந்தால், அது என்ன என்று எழுதுவதற்கு முன், எந்தப் பக்கத்தால் வருகிறது என்று இப்போது கேட்கிறேன். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பிரம்புக் கூடை சலீம் நானாவிடம் இருக்கிறது. திரேசா கொடுத்தார்; நானா மறுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை கொட்டாஞ்சேனைக் கோவிலில் நடக்கும்.

இனித் தெரிய வேண்டியது ஒன்று. நாலு என்ஜின் பயணிகள் விமானம் ஒன்று அடுத்த மாத முதல் வாரத்தில் இரத்மலானையில் இறங்கும் என்று விமான நிலைய அலுவலகம் சொல்கிறது. தேதியை இன்னும் குறிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை தெரியும் என்கிறார்கள். எந்த நாளாக இருந்தாலும் தெற்கு மூலையில் நானும் நானாவும் இருப்போம். திரேசாவும் வருகிறார். சட்டப்படி கண்களை மூடியிருப்போம். முதல் வாய்ப்பு மிஸ்ஸுக்கு உரியது. ஆகவே சத்தம் கேட்டாலும், விமானம் தென்னைகளைத் தாண்டி வரும்வரை, நாங்கள் யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்.