மூன்று மணிக் கோப்பியும் ஒரு மில்லிசெகண்டும்

கமலேஸ்வரியின் வேலைக்கு உலை வைத்தது நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த ஒரு கிராஃப். கீழே என் கையெழுத்தும் இருந்தது. இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் சிரம்பானில் ஒரு தோட்டக் கம்பெனியின் ஐடி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பெடாஸ் பக்கம் எங்களுக்கு ஒரு செம்பனைத் தோட்டம் இருந்தது. அங்கே கணக்கு எழுதும் கிராணியாகக் கமலேஸ்வரி புதிதாக வந்திருந்தாள், இன்னும் வேலை உறுதியாகாதவள். அன்றன்று வெட்டிய குலைகளின் எடை மூன்று மணிக்குத்தான் கைக்கு வரும், அதை மூன்றரைக்குள் சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துத்தான் எண்ணெய் மில்லில் லோரி ஏற்பாடு செய்வார்கள். அவள் ரிப்போர்ட் தினமும் நாலு மணிக்கு மேல்தான் வந்தது. கேட்டால் மூன்று மணிக்கு எதுவுமே திறப்பதில்லை என்றாள். மேனேஜர் நம்பவில்லை. டிஎன்எஸ்ஸை அளந்து பார் என்று என்னிடம் சொன்னார்.

கம்ப்யூட்டர் ஒரு பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடிக் கொடுப்பது டிஎன்எஸ் சர்வர். தோட்ட ஆபீசில் அப்படி ஒரு சர்வர் இருந்தது, அதன் பக்கத்திலேயே நான் ஒரு சின்ன மானிட்டரிங் பெட்டியை வைத்தேன். அது நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் ஒரு பெயரைக் கேட்கும். விடை வர எத்தனை மில்லிசெகண்ட் என்று குறித்துக்கொள்ளும். லைன் கிடைக்கும்போது எல்லாவற்றையும் சிரம்பானுக்கு அனுப்பிவிடும். எந்தப் பெயரைக் கேட்பது என்று நான்தான் செட் பண்ண வேண்டும். சர்வரின் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது தம்பிராஜா.

எங்கள் தோட்டங்களில் கம்ப்யூட்டருக்கு அதில் உட்காருபவரின் பெயரையே வைப்பது வழக்கம். தம்பிராஜா பழைய கிராணி, யாழ்ப்பாணக் குடும்பத்தவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய கம்ப்யூட்டரையும் தூக்கிப் போட்டாயிற்று, சர்வரில் பெயரை மட்டும் யாரும் அழிக்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். பெயர்தானே, எதுவானால் என்ன என்று ஓகேயை அமுக்கினேன்.

ஒரு மாதத்துக்கு கிராஃப் கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. எப்போதும் ஒரு மில்லிசெகண்ட். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை. மேனேஜர் அதையே இணைத்து அவளுக்கு ஷோ காஸ் லெட்டர் கொடுத்துவிட்டார். சரியான விளக்கம் இல்லையென்றால் வேலை போய்விடும்.

மறுநாள் அவள் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை.

“சார், உங்க படம் பொய் சொல்லுது. ஒரு தடவ மூணு மணிக்கு இங்க வந்து உக்காருங்க லா.”

உண்மையைச் சொன்னால், அவள் வாயை அடைக்கத்தான் போனேன்.

செம்பனை மரங்கள் நெருக்கி நிற்பதால் அந்த ஆபீசில் பட்டப்பகலிலும் விளக்கு எரியும். முன்னறையில் பேட்டரியோடு சர்வர். பின்னறை தம்பிராஜாவுடையது, வெளி லைனைக் கொடுக்கும் ரௌட்டர் அதற்குள் இருந்தது. நடுக்கதவு எப்போதும் பூட்டியே கிடக்குமாம். கமலேஸ்வரி அதற்குள் காலெடுத்து வைத்ததே இல்லை.

சரியாக மூன்று மணிக்கு அவள் திரை நின்றது. என் லேப்டாப்பிலும் ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் மானிட்டரிங் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பிராஜா எங்கே? இதோ, இங்கே. ஒரு மில்லிசெகண்ட். அடுத்த நிமிடம் மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். அப்போது பூட்டிய கதவுக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கோப்பி வாசனையும் வந்தது.

“தினமும் இப்படித்தான் சார்,” என்றாள், தலையைத் திருப்பாமல்.

செத்தவரை நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான்தானே. இருந்தாலும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே இன்னொரு கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே மாரியாயி நின்றிருந்தார். ஆபீஸைக் கூட்டித் துடைப்பவர். காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு கிளாஸ் கோப்பி ஓ, பால் விடாத கோப்பி, ஆவி பறந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். அதில் கெட்டில், ரௌட்டரின் ப்ளக் கீழே தொங்கியது.

“அன்னிக்கு மூணு மணிக்கு கிராணி ஐயா கோப்பி கேட்டாரு,” என்றார். “நான் துணி காயப் போட்டுட்டு மெதுவா வந்தேன். வர்றதுக்குள்ள இந்த நாற்காலியிலயே சாஞ்சிட்டாரு. இப்ப ஒரு நாளும் லேட் ஆக்குறதில்ல சார்.”

கிராணி ஐயா குடித்து முடிக்க ஒரு மணி நேரம் விட்டு, நாலு மணிக்கு கிளாஸைக் கழுவிய பிறகுதான் ப்ளக்கை மாற்றுவாராம். அந்த ஒரு மணி நேரமும் வெளி லைன் கிடையாது. சர்வர் மட்டும் முன்னறையில் உயிரோடு இருந்தது. நான் கேட்ட பெயரோ அதன் பட்டியலிலேயே இருந்தது. வெளியே போய்த் தேட வேண்டிய அவசியமே இல்லை.

கெட்டிலுக்குத் தனியாக ஒரு பாயிண்ட் போடச் சொன்னேன். கோப்பியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ப்ளக் பிரச்சினை, நான் அளந்தது தப்பு என்று மேனேஜருக்கு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். கமலேஸ்வரிக்கு வேலை உறுதியானது. என்னிடம் அவள் நன்றி சொல்லவில்லை. நியாயம்தான்.

வெளியே போய் விடை கொண்டுவர வேண்டிய பெயராகப் பார்த்துப் புதிய டெஸ்ட் ஒன்று போட்டேன். சர்வரிலிருந்து தம்பிராஜாவை அழித்தேன். ஆனால் பழைய டெஸ்டை நிறுத்த மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், அது இன்னும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒருவர் இல்லை என்று சர்வரும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருந்தது.

கிராஃப் மாறவே இல்லை. இருக்கிறார் என்று சொல்ல எடுத்த அதே ஒரு மில்லிசெகண்ட்தான், இல்லை என்று சொல்லவும்.