வடமாலபேட்டைக்கு அப்பால் வெளிநாடு

எங்கள் நைனா, அதாவது அப்பா, நாட்டைப் பிரிக்காமல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நாள் குறைவு. மொழி வேறென்றால் நாடும் வேறாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவர், தொண்டர், போஸ்டர் ஒட்டுகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போய், எங்கள் நகரி மட்டும் ஆந்திராவில் மாட்டிக்கொண்டதை அவரால் செரிக்கவே முடியவில்லை. எல்லைப் போராட்டத்தில் தானும் இருந்ததாகச் சொல்வார். வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தச் சமயத்தில் அவர் மூக்கு ஒழுகக் கோலி ஆடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதனாலேயே அடிக்கடி சொல்வேன்.

அவர் திருப்பதியில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் சேல்ஸ்மேன். காலையில் பஸ் ஏறிப் போய் இரவு திரும்புவார். புடவைப் பெட்டி அட்டையின் வெள்ளைப் பக்கத்தில்தான் அவருடைய தேசப்படம் உருவாகும். நகரியும் புத்தூரும் நமக்கு. திருப்பதி போகும் வழியில் வடமாலபேட்டை தாண்டினால் வெளிநாடு. சித்தூரை ஒரு வாரம் சேர்ப்பார், மறு வாரம் அடித்துவிடுவார். திருமலை மட்டும் பொது. சாமிக்கு இரண்டு மொழியும் தெரியும், உண்டியலுக்கு எந்த மொழியும் வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம்.

ஒருநாள் அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, அப்படியானால் கடைக்கு தினமும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா போவீர்கள் என்று கேட்டுவிட்டாள்.

"ஏய், உள்ள போ" என்றார் நைனா.

அம்மாவிடம் அவர் பேசிய தமிழ் பெரும்பாலும் இவ்வளவுதான். ஏய், இந்தா, தண்ணி, உள்ள போ. இதற்குத் தனி நாடு கேட்டுக்கொண்டிருந்தார் மனிதர்.

வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. தெலுங்கு செருப்போடு வாசலிலேயே நிற்க வேண்டும். தெலுங்கு பேசுகிறவர் யாராவது தேடி வந்தால் நைனா எழுந்து தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு பேசுவார். எனக்கும் என் பள்ளிக்கூடத்துத் தோழிகளுக்கும் அதே விதி. என்னைத் தெலுங்கு மீடியத்தில் சேர்த்தது யார் என்றால், அதுவும் அவர்தான். எதிர்காலம் வேண்டாமா என்பார். அம்மா திருத்தணியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள், எல்லோரும் தமிழ். விலை கேட்கவும் வேண்டாம் என்று சொல்லவும் வேண்டிய தெலுங்குக்கு மேல் அவள் கற்றுக்கொள்ளவில்லை, அல்லது அப்படி நாங்கள் நினைத்தோம்.

தெலங்கானா பிரிந்தபோது நைனா மைசூர்பாகு வாங்கி வந்தார். ஒரே தெலுங்கு பேசுகிறவர்களே ஒன்றாக இருக்க முடியவில்லை, நாம் எப்படி இருப்பது என்று தெருவெல்லாம் கேட்டார். ஒரே மொழி பேசியும் பிரிந்துபோகிறார்கள் என்றால் சண்டைக்குக் காரணம் மொழி இல்லை என்றுதானே ஆகிறது என்றேன். தெலுங்கு மீடியத்தில் படித்தால் மூளை இப்படித்தான் வேலை செய்யும் என்று சொல்லிவிட்டு என் பங்கு மைசூர்பாகையும் எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் பாகாலாவைச் சேர்ந்த தெலுங்குக்காரரைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றால் என்ன ஆகும்? இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அட்டையை எடுத்து, பாகாலாவை மொத்தமாக அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்தார், நன்றாகச் சாப்பிட்டார், சம்பந்தி வீட்டாரிடம் தமிழைத் தவிர எதுவும் பேசவில்லை. என் மாமியார் குழம்பிப்போனார். கல்யாணப் புடவைகளை அவர்கள் எடுத்ததே நைனாவின் கடையில், நைனாவின் கையால்தான். கடையில் தேனாகப் பேசினாரே, இங்கே என்ன ஆயிற்று என்று என் காதைக் கடித்தார்.

தேனாகப் பேசியது உண்மை. நானே ஒருமுறை கடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். "ரண்டி அம்மா, கூர்ச்சோண்டி", வாருங்கள் அம்மா, உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறார், தண்ணீர் கொடுக்கிறார், சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிறார். ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்த அம்மாளிடம், அதனால் என்னம்மா, இன்னொரு நாள் வாருங்கள் என்று சிரிக்கிறார். யாரோ ஒருவர் நைனாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போல் இருந்தது. அம்மா அந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை. அவளுக்குப் புடவை வீட்டுக்கு வந்துவிடும். எந்தப் பெண்ணும் கையால் தொடாத நிறங்கள் எல்லாம் எங்கள் பீரோவில் இருந்தன.

வேலையிலிருந்து நின்ற பிறகு, போன வருஷம் நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது கை விழுந்தது, வாய் கோணியது, பேச்சு நின்றது. சில நாள் கழித்துப் பேச்சு வந்தது. வந்ததெல்லாம் தெலுங்கு.

தமிழில் ஒரு சொல்லும் இல்லை. நாங்கள் பேசுவது புரிகிறது, தலையாட்டுகிறார், வாயைத் திறந்தால் கடைத் தெலுங்கு வருகிறது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இப்படி நடப்பது உண்டாம். தினமும் பயிற்சி கொடுத்தால் தமிழ் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் அப்போது பார்க்கவில்லை. பிறகு வண்டியில் கேட்டேன், சிரித்தேன் என்று ஒத்துக்கொண்டார்.

அம்மா டாக்டரை நம்பவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்றாள். வீட்டுக்கு அழைத்து வந்த அன்று நானும் என் கணவரும் தாங்கிப் பிடித்து வாசலில் நிறுத்தியபோது நைனா தெலுங்கில் ஏதோ முனகினார். அம்மா குறுக்கே நின்றுவிட்டாள்.

"தெலுங்கு உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

நைனா அவளைப் பார்த்தார். கோணல் வாயால், மெதுவாக, "அன்னம் தின்னாரா அம்மா?" என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டாள்.

"சாப்ட்டீங்களாம்மான்னு கேக்கறாரும்மா."

அம்மா வழியை விட்டு விலகினாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அவர் என்ன சொன்னார் என்று மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் வீடு துணிக்கடை ஆகிவிட்டது. அம்மா அறைக்குள் நுழைந்தால் வாருங்கள், உட்காருங்கள். மாத்திரை கொடுத்தால் நன்றி. தலையில் பூ வைத்திருந்தால் இந்த நிறத்துக்கு இது எடுப்பாக இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பேசும் கொஞ்சலும் இல்லை, வீட்டுக்காரியிடம் பேசும் தொனியும் இல்லை, அப்படியே கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் குடியிருக்கும் திருப்பதியிலிருந்து நான் வந்து மொழிபெயர்த்தேன். அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரிடம் மரியாதை என்று ஒன்று இல்லாமலிருந்தால் மன்னித்திருப்பேன். இருந்திருக்கிறது, மூட்டை மூட்டையாக. அதையெல்லாம் வடமாலபேட்டைக்கு அந்தப் பக்கமே செலவழித்துவிட்டு, தினமும் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். நாட்டைப் பிரிக்கலாமா கூடாதா என்று பட்டிமன்றம் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. கோடு போடுகிறவர்கள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் போய் வருகிறவர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமே கிடக்கிற பெண்பிள்ளையை ஒருவரும் கேட்பதில்லை. வடமாலபேட்டையில் கோடு விழுந்தபோது எங்கள் அம்மாவுக்கு மிஞ்சியது "ஏய்" மட்டும்தான்.

ஆனால் அம்மாவுக்கு வேறொரு கவலை இருந்தது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்ன யாருன்னு தெரிஞ்சி பேசறாரா, இல்ல கடைக்கு வந்த பொம்பளன்னு நெனச்சிக்கினு பேசறாரா?"

டாக்டர் நினைவு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் சொல்வது அம்மாவுக்குப் போதாது. நைனாவின் எதிரில் உட்கார்ந்து, அம்மாவைக் காட்டி, இது யார் என்று தெலுங்கில் கேட்டேன். இப்படி ஒரு முட்டாள்தனமான கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார். "மா ஆவிட" என்றார். என் வீட்டுக்காரி. அப்புறம் எதற்கு இப்படிப் பேசுகிறீர்கள் என்றேன். அவர் தடுமாறித் தடுமாறிச் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன்: வேறு மாதிரி பேச வரவில்லையாம்.

அம்மா மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அதன் பிறகு பயிற்சிக்கு இடைஞ்சல் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி நான் சொம்பு, கரண்டி, சாவி என்று எடுத்து வைத்துத் தமிழில் சொல்லச் சொல்வேன். சரியாக அந்த நேரத்தில் சொம்பு கழுவப் போய்விடும். கரண்டி குழம்பில் கிடக்கும். நைனாவுக்குத் தூக்கம் வருகிறது, நீ முதலில் சாப்பிடு என்பாள். பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அவருக்குத் தமிழ் திரும்ப வேண்டாமா, உயிரை விட்ட மொழி ஆயிற்றே என்றேன்.

"வந்து இன்னா பேசப் போறாரு? ஏய்னுவாரு. அதுக்கு இவ்ளோ கஷ்டமா?" என்றாள்.

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். மகளாக எனக்கு ஒரு கடமை இருந்தது, அவள் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கோடு போட எனக்குத் தெரியவில்லை. அரைமனதாகப் பயிற்சி நடந்தது. என் கணவர்தான் குஷியாக இருந்தார். மாமனார் இப்போது அவரிடம் வாய் ஓயாமல் பேசினார், வீட்டம்மாவுக்கு ஒரு நல்ல பட்டு எடுங்கள் சார் என்று வற்புறுத்தினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் நைனாவின் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. மத்தியானம். அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் கணவர் ஒரு மூலையில் செய்தித்தாளோடு, நைனா ஜன்னலோரம் நாற்காலியில். வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். உதடு துடித்தது.

"ஏய்" என்றார். "தண்ணி."

தெளிவான தமிழ். பழைய குரல், பழைய அதட்டல், ஒன்றும் குறையவில்லை. நான் துள்ளி எழுந்தேன். எவ்வளவு திட்டினாலும் அப்பன் அப்பன்தானே, கண்ணில் நீர் வந்துவிட்டது. சொம்பை எடுக்க ஓடப் போனேன். அம்மா கீரைக் காம்போடு கையை நீட்டி என்னைத் தடுத்தாள். தலை நிமிரவில்லை.

"ஏய், தண்ணிடி."

அம்மா ஒரு காம்பை உருவினாள். இலைகளை முறத்தில் போட்டாள். பிறகு நிதானமாக, நல்ல நகரித் தமிழில் சொன்னாள்.

"எனுக்குத் தமிழ் புரியல. தெலுங்குல கேளுங்க."

நைனா என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அம்மா அடுத்த காம்பை எடுத்தாள்.

"அம்மா" என்றார் நைனா, கடைசியில். "கொஞ்செம் மஞ்சினீள்ளு இஸ்தாரா?"

கொஞ்சம் குடிக்கத் தண்ணீர் தருகிறீர்களா என்று நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எழுந்து தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தாள்.